பெரியப்பா பிடிக்க வேண்டிய இரண்டாவது விமானம்

எங்கள் பெரியப்பாவுக்கு பஸ் டிப்போவில் இரண்டு பெயர்கள். நேரில் ‘டைம் கீப்பர் சார்’. முதுகுக்குப் பின்னால் ‘ஹேண்ட் பிரேக்’. இரண்டாவது பெயரை வைத்த டிரைவர் யார் என்று அவருக்குத் தெரியும். அந்த ஆளையே வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்து, “பேரு நல்லாத்தான்யா இருக்கு, கூப்பிடத்தான் கொஞ்சம் நீளம்” என்று சொல்லியிருக்கிறார்.

பஸ் நிலையத்தின் வெளிவாசலை ஒட்டி, கம்பிவலை போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேஜை, சுவர்க்கடிகாரம், ஒயர் பிய்ந்து டேப் சுற்றிய மைக். நேரம் பார்த்து வண்டிகளை அனுப்புவதுதான் அந்த அறையின் வேலை. மற்ற டைம் கீப்பர்கள் அனுப்பினார்கள். இவர் நிறுத்தினார். வெளியூர் வண்டி தாமதமானால், அதில் வருகிறவர்கள் ஏற வேண்டிய கடைசி வண்டியின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். டிரைவர் ஹாரன் அடிப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் திட்டுவார்கள். பெரியப்பா டீக்கடைப் பக்கம் திரும்பி ரேடியோ கேட்பதுபோல் நிற்பார். “அந்த வண்டியில நாலு பேரு இத நம்பி வர்றான். விட்டுட்டா அவன் எங்க போவான், உன் வீட்டுக்கா வருவான்?” என்பது அவருடைய ஒரே பதில். மேலிடத்திலிருந்து மெமோ வரும். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாளும் போய் நிற்பார்.

இப்படியே வேலை பார்த்து ஓய்வும் பெற்றார். எந்த நிலையத்துக்குப் போனாலும் அங்கே தன்னைப்போல் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்ற நம்பிக்கை மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகளின் கல்யாணத்துக்கு அவர் டிக்கெட் போட்ட விதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒரே மகள். எனக்கு அக்கா. கடல் தாண்டிய ஒரு நாட்டில், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயே கூட வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். அவர் ஏற்கெனவே ஒருமுறை கல்யாணமாகி விலகியவர். பெரியப்பா போனை வைத்தார். ஒரு வருஷத்துக்கும் மேலாக அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. பெரியம்மாவும் மகளும் பேசிக்கொள்வார்கள். இவர் பக்கத்து அறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காதவர்போல் இருப்பார். பிறகு ஒருநாள், யாரும் சொல்லாமலே பெரியம்மா கையிலிருந்த போனை வாங்கி, “தேதிய முடிவு பண்ணு. நானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடறேன்” என்றார். அக்கா மூன்று தடவை “நெஜமாவாப்பா?” என்று கேட்டாளாம். “எத்தன தடவ மைக்குல சொல்லணும்?” என்றாராம் இவர்.

பதிவு அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கிடைத்தது. அந்த ஊரில் அப்படி ஒரு நேரம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தவறினால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதனால் பெரியப்பா போய்ச் சேர்வது என்பது ஒரு கல்யாணத்துக்குப் போவது மட்டுமல்ல. சம்மதம் என்று சொன்னது நிஜம்தான் என்று காட்டுவதற்கு அவரிடம் இருந்த ஒரே வழி அது. பெரியம்மாவால் போக முடியவில்லை. கணுக்காலில் மாவுக்கட்டு.

நான் அப்போதுதான் சில வருஷம் நாடு நாடாக அலைந்துவிட்டு வீடு திரும்பியிருந்தேன். எனக்கு உள்ளங்காலில் சக்கரம் என்பது பெரியம்மாவின் முடிவு. பெரியப்பா என்னை ‘ஊர்சுத்தி’ என்றுதான் கூப்பிடுவார். விசா வந்த அன்று, “வாம்மா ஊர்சுத்தி, உன் படிப்பு இன்னிக்காவது உதவட்டும்” என்று பக்கத்தில் நாற்காலி போட்டார்.

நான் சொன்னது இதுதான். நடுவில் விமானம் மாற வேண்டும் என்றால், வீட்டிலிருந்து கடைசி ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் தானாகப் போய்விடும். தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கினால், முதல் கம்பெனிக்கு நம் பயணம் நடு ஊரோடு முடிந்துவிடும்; இரண்டாவது கம்பெனிக்கு நாம் அந்த நடு ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி. முக்கியமான காரியத்துக்குப் போகிறவர் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய் இறங்குவது நல்லது.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “மூணு நாள் முன்னாடி போயி உக்காந்தா, அவ கல்யாண வேலையப் பாப்பாளா, எனக்குக் காபி போடுவாளா?” என்றார். ஒரே டிக்கெட்டில் வந்த வழிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒன்று சுற்றுவழி. இன்னொன்றில் ஒரு மணி நேரத்துக்குள் மாற வேண்டும். அதற்கு நான் பயந்தேன். அவர் பயப்படவில்லை. “கனெக்ஷன்ல பத்துப் பேரு வர்றாங்கன்னா அஞ்சு நிமிஷம் நிறுத்த மாட்டானா?”

“நிறுத்த மாட்டாங்க பெரியப்பா.”

“நீ கேட்டுப் பாத்தியா?”

முடிவெடுக்காமலே எழுந்தோம். அடுத்த வாரம் ஒரு வேலை விஷயமாக நான் வெளியூர் போனேன். திரும்பி வந்தது அவர் கிளம்புவதற்கு முந்தின நாள். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு, தானே எல்லாவற்றையும் முடித்துவிட்டதாகச் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் பயந்தேன் என்பதற்காக இடைவெளியைப் பெரிதாக்கியிருந்தார். சாயங்காலம் நடு ஊரில் இறங்குவது, ஏர்போர்ட் ஓட்டலில் தங்குவது, காலையில் குளித்து முடித்து அடுத்த விமானம். வியாழன் சாயங்காலம் மகள் வீடு. இரண்டு கம்பெனி, இரண்டு டிக்கெட்.

போனில் ஓட்டல் படத்தைக் காட்டினார். கட்டில், கெட்டில், கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானத்தின் வால்.

“ஏர்போர்ட்டுக்குள்ளயே இருக்கு பாரு. பல்ல வெளக்கிட்டே பிளேனப் பாக்கலாம்.”

நான் அந்த ஓட்டலின் முகவரியைத் தேடிப் பார்த்தேன். விமான நிலையத்தை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் வெளிப்பக்கம். அங்கே போக வேண்டுமானால் குடியேற்ற அதிகாரியைத் தாண்ட வேண்டும். தாண்ட அந்த நாட்டு விசா வேண்டும். அவரிடம் மகள் இருக்கும் நாட்டு விசாதான் இருந்தது. விமானம் மாறுகிறவர்கள் தங்குவதற்கென்று உள்பக்கமாகவே சில ஊர்களில் அறைகள் உண்டு. இந்த ஊரிலும் இருந்தன, எல்லாம் நிரம்பிவிட்டிருந்தன. ‘ஏர்போர்ட் ஓட்டல்’ என்று பெயர்ப்பலகையில் இருப்பதெல்லாம் உள்ளே இருப்பதில்லை என்பதை அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்? பஸ் நிலையத்தின் ஓய்வறை பஸ் நிலையத்துக்குள்தான் இருக்கும்.

அன்று முழுக்க இரண்டு கம்பெனிகளுக்கும் மாறி மாறிப் போன் போட்டேன். ஒன்றில் பாட்டு ஓடியது. இன்னொன்றில் ஒரு பெண் மிகவும் அன்பாக, தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். புதிதாக ஒரே டிக்கெட் எடுக்கலாம் என்று தேடினால், வெள்ளிக்கிழமை காலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு விமானத்திலும் இடமில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. இரண்டாவது விமானத்தின் போர்டிங் பாஸை முன்கூட்டியே போனில் எடுத்துவிட்டால், வெளியே போகாமல் உள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்து மறுநாள் ஏறிவிடலாம். எடுக்கப் பார்த்தேன். ‘ஆவணங்களைக் கவுண்டரில் காட்டிய பிறகே தரப்படும்’ என்று வந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதுவே.

பெரியம்மா மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டியபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒருத்தரு ஊரையே ஏத்தி எறக்கினவரு. இன்னொருத்தி உலகத்தையே சுத்தினவ. ரெண்டு பேரும் சேந்து ஒரு மனுஷன ஏத்த முடியல” என்றாள்.

மறுநாள் காலை பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “உங்க டிக்கெட் அங்கேயே முடியுது சார். அந்த நாட்டு விசா எங்க?” என்று கேட்டாள். பெரியப்பா அடுத்த டிக்கெட்டைக் காட்டினார். அது தங்கள் கம்பெனி இல்லை, பெட்டியை அதில் ஏற்றிவிட முடியாது, பெட்டி எடுக்க வெளியே போக வேண்டியிருக்கும், வெளியே போக விடமாட்டார்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். மேலாளர் வந்தார். கல்யாணம் என்று சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, பெட்டி இல்லாமல் கைப்பையோடு போவதாக இருந்தால் அனுப்புவதாகவும், அடுத்த போர்டிங் பாஸை அங்கே உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘பாத்தியா, எல்லா ஸ்டேஷன்லயும் ஒருத்தன் இருக்கான்’ என்று சொல்லும் பார்வை.

தரையிலேயே பெட்டியைத் திறந்தோம். பெரியம்மா மகளுக்கென்று அனுப்பிய குக்கர், போர்வை, மாப்பிள்ளைக்கு வாங்கிய கைக்கடிகாரம். கடிகாரமும் கல்யாணத்துக்கான சட்டையும் மட்டும் கைப்பைக்குள் போயின. குக்கரை நான் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அவர் இறங்கிய செய்தி வந்தது. அதற்குப் பிறகு வந்த செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி. டிரான்ஸ்ஃபர் கவுண்டர்கள் வரிசையாக இருக்கின்றன, இவருடைய கம்பெனியின் பெயர் எதிலும் இல்லை. விசாரித்தால், அந்தக் கம்பெனிக்கு உள்ளே கவுண்டர் கிடையாது, வெளியேதான் என்கிறார்கள். வெளியே போக விசா இல்லை என்கிறார்கள். யாராவது ஒருவர் காலையில் வரலாம் என்றும் ஒருவர் சொன்னார். அந்த ‘வரலாம்’ ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கம்பெனியின் அலுவலக எண்ணுக்கு நான் போட்டுக்கொண்டே இருந்தேன். வேலை நேரத்தில் கூப்பிடச் சொல்லி ஒரு பதிவுக் குரல் வந்தது.

காலையில் அவர் நேராக விமானம் நிற்கும் கேட்டுக்கே போய்விட்டார். அங்கிருந்து போன் செய்தார்.

“வண்டி நிக்குதும்மா.”

“அங்க ஆள் யாராவது இருக்காங்களா பெரியப்பா?”

“ஒரு தம்பி இருக்கான். கையில வாக்கி-டாக்கி வெச்சிருக்கான். அவன்தான் இங்க டைம் கீப்பர்.”

தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தானும் இதே வேலை பார்த்தவன் என்பது உட்பட. அந்தப் பையன் நல்ல பையன். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான், வாக்கி-டாக்கியில் பேசினான், மறுபடி பேசினான். விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிட்டது, செக்-இன் ஆகாதவர் பெயர் தன் பட்டியலில் வராது, பட்டியலில் இல்லாதவரை ஏற்றத் தன்னால் முடியாது என்றான். பெரியப்பா அவன் தோளைத் தொட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அவனும் பார்த்தான். போனை அணைக்காமலே அவர் இதையெல்லாம் செய்ததால் எனக்கு அந்தப் பையனின் குரலும் கேட்டது. சாரி சார், சாரி சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

“இன்னும் கதவு மூடல. நிக்குது. கண்ணு முன்னாடி நிக்குதும்மா. நீ அவன்கிட்ட பேசு” என்று போனை அவன் கையில் கொடுத்தார்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் சொல்லப்போவது என்ன என்று தெரிந்துகொண்டே ஒருவனிடம் கெஞ்சுவது விசித்திரமான வேலை. போன் மறுபடி பெரியப்பா கைக்குப் போனபோது பின்னணியில் ஏதோ அறிவிப்பு ஓடியது. பிறகு, “வண்டிய எடுத்துட்டான்” என்றார்.

அக்காவுக்கு நான்தான் சொன்னேன். அவள் மெதுவாக, “அவரு வீட்டவிட்டுக் கெளம்பினாரா?” என்று கேட்டாள்.

“அக்கா, நானே கூடப் போய் ஏத்திவிட்டேன்.”

“நீ அப்படித்தான் சொல்லுவ. அவரு ஒரு வண்டிய விட்டாருன்னு இதுவரைக்கும் யாராவது கேள்விப்பட்டிருக்கோமா?”

ஆயுசில் அவர் தவறவிட்ட முதல் வண்டி இதுதான் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? பெரியப்பாவைக் கூப்பிட்டு, வீடியோ போட்டு அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள், அந்த இடத்தைக் காட்டுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எதுக்கு? நான் வந்தேன்னு பெத்த பொண்ணுக்கு சாட்சி காட்டணுமா?”

இன்னொரு வழி இருந்தது. உள்ளேயே கவுண்டர் வைத்திருக்கும் வேறொரு கம்பெனியில் மறுநாள் ராத்திரிக்கு இடம் கிடைத்தது. கல்யாணம் முடிந்து ஒருநாள் கழித்துப் போய்ச் சேர்வார். பரவாயில்லை, போய்விடுங்கள் என்று நானும் பெரியம்மாவும் மாறி மாறிச் சொன்னோம். பெரியம்மா கடைசியில் அழுதேவிட்டாள்.

“வண்டி போனதுக்கப்புறம் ஸ்டாண்டுல போயி நிக்கச் சொல்றியா?” என்றார் அவளிடம். முதல் கம்பெனிக்காரர்கள் தங்கள் அடுத்த விமானத்தில் அவரைத் திருப்பி ஏற்றினார்கள். அதற்கு யாரும் விசா கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது. கல்யாணச் சட்டை கைப்பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. குளித்தார், சாப்பிட்டார், அந்த விமான நிலையத்தில் தரை எவ்வளவு சுத்தம் என்று சொன்னார். கழிப்பறைக் குழாய்களில் கை நீட்டினால் தானாகத் தண்ணீர் வருகிறது என்றார். பெரியம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். பதிவு முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டாள். வாழ்த்து, அழுகை, என்ன உடுத்தினாய், மழை வந்ததா. மாப்பிள்ளை இரண்டு வார்த்தை தமிழில் சொல்லப் பார்த்தார், எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அக்கா, “அப்பா இருக்காராம்மா?” என்று கேட்டாள்.

பெரியப்பா எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். மைக்கில் பேசுகிறவர்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கையெழுத்து யாரு போட்டா?”

“எங்க ஆஸ்பத்திரி வாட்ச்மேன். காலையில டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குக் கெளம்பிட்டிருந்தாரு. கூப்பிட்டோம், வந்தாரு.”

“நல்ல மனுஷன்” என்றார் பெரியப்பா. அது அவர் மனசிலிருந்து சொன்னது என்று எனக்குத் தெரியும்.

“ஒருநாள் லேட்டா வந்திருந்தா என்னப்பா? நான் இங்கதான இருக்கேன். எங்க போயிடப் போறேன்?”

“அதான் கையெழுத்து முடிஞ்சிருச்சே. இனிமே நான் வந்து என்ன பண்ணப் போறேன்?”

கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். போகிற வேலை இல்லாமல் ஓர் ஊருக்குப் போவது எப்படி என்று அவர் எங்கேயும் கற்றதில்லை. ஆனால் போனில் குரல்தான் போகும், முகம் போகாது. “சரிப்பா” என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “வாயத் தெறந்தா இப்படித்தான் பேசணுமா? பொண்ணு கல்யாணத்தன்னிக்கு?”

“நான் என்னம்மா தப்பா கேட்டேன்?” என்று என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். “நீ போடும்மா அவளுக்கு. நான் வர்றேன்னு சொல்றேன். நீ சொன்ன மாதிரியே, ஒரே டிக்கெட்டாப் போட்டுக்கலாம்.”

நான் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் அடித்து நின்றது.

“தூங்கியிருப்பா” என்றாள் பெரியம்மா.

பெரியப்பா தலையாட்டினார். அங்கே அப்போது பட்டப்பகல் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.